யாரோ நானா பெயர் போட்ட கதை

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் கரையோரமாக நடந்து வீடு வீடாக விசாரித்தாலும், தன் பெயரை மறைப்பதற்காக இவ்வளவு பாடுபட்டு, அந்தப் பாட்டினாலேயே ஊர் முழுக்கப் பெயரெடுத்த மனுசர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். அவரை நாங்கள் யாரோ நானா என்று கூப்பிடுவோம். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவோம். அவரும் "ஓம்" என்பார்.

புத்தளத்தில் தில்லையடிக்குப் போகிற பாதையில், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. மென்பொருள் கம்பனி என்று போர்டு தொங்கினாலும் கீழே ஆணி வாங்க வந்தவர்கள் வழி தவறி மேலே ஏறி வந்து எங்களிடம் ஆணி கேட்பார்கள். மொத்தம் நாலு பேர். முதலாளி ரிஸ்வான் சேர், கட்டாரில் சில வருடம் வேலை செய்துவிட்டு, அங்கே கற்றதையெல்லாம் புத்தளத்தில் ஒரே மாதத்தில் அமுலாக்கிவிடலாம் என்று வந்தவர். அடுத்தவள் நிலூக்கா, சிலாபத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் கதைப்பாள், மனம் குழம்பினால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவாள். மூன்றாமவள் நான். மற்றவர்கள் எழுதியது சரியாக ஓடுகிறதா என்று பார்த்து டிக் போடுவது என் வேலை. நாலாவது யாரோ நானா.

கம்பியூட்டர் கோட் எழுதுகிற இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த வரியை மாற்றினாலும் மாற்றியவரின் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகும். ஏன் மாற்றினோம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் அந்தப் பதிவைத் திறந்து பார்த்துப் பயந்துபோனேன். மாற்றியவர்: யாரோ. மாற்றியவர்: யாரோ. கீழே போகப் போக யாரோ, யாரோ, யாரோ. வெளியாள் உள்ளே நுழைந்துவிட்டான் என்று நினைத்து நிலூக்காவின் காதில் சொன்னேன்.

"இதெல்லாம் யாரோ மாத்தியிருக்காங்க."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், யாரோதான். அந்தா இருக்கார்" என்றாள்.

மூலையில், கதிரையில் கால் மடித்துச் சம்மணமிட்டு, நாற்பதைத் தாண்டிய ஒரு மெலிந்த மனுசர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனை. கம்பியூட்டரில் பெயர் கேட்கிற இடத்தில் அவர் தன் பெயருக்குப் பதிலாக "யாரோ" என்று போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான். ஏன் என்று ரிஸ்வான் சேர் கேட்டதற்கு, வேலை ஓடினால் போதாதா, அதன் தலையில் என் பெயர் எதற்கு என்று திருப்பிக் கேட்டாராம்.

பெயர் போடாவிட்டாலும் அவர் எழுதும் குறிப்புகளைப் படித்தால் யார் எழுதியது என்று கீழே ஆணிக்கடைக்காரரும் சொல்லிவிடுவார். "இந்த இடத்தில் கை வைக்கிறவர் கவனிக்கவும். இது ஏன் இவ்வளவு கோணலாக இருக்கிறது என்று தோன்றும். முன்பு நேராகத்தான் இருந்தது. அப்போது ஓடவில்லை." இன்னோர் இடத்தில்: "கீழே உள்ள பத்து வரியும் எனக்கும் விளங்காது. எடுத்துப் பார்த்தேன், எல்லாம் நின்றுவிட்டது. ஆகவே இருக்கட்டும்." கம்பியூட்டருக்கு வரும் முன் அவர் பல வருடம் போனும் போட்டோகொப்பியும் உள்ள ஒரு கொமியூனிக்கேசன் கடையில் இருந்து ஊராருக்குக் கடிதமும் மனுவும் டைப் பண்ணிக் கொடுத்தவர். நூறு பேரின் கவலையை எழுதியிருக்கிறார், கீழே ஒப்பமிட்டதெல்லாம் மற்றவர்கள். அந்தப் பழக்கம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். முழுக் காரணம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பெயரால் வந்த குழப்பங்களுக்கு அளவில்லை. ஒருநாள் நிலூக்கா பிரிட்ஜின் கதவில் "என் பாலை யாரோ குடிக்கிறார்" என்று எழுதி ஒட்டினாள். யாரோ நானா அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அவள் மேசைக்குப் போய், தான் பால் குடிப்பதை விட்டு ஆறு வருடம் ஆகிறது என்றும், சந்தேகமென்றால் வீட்டில் விசாரிக்கலாம் என்றும் மெதுவாகச் சொன்னார். பால் குடித்தது ரிஸ்வான் சேர். அவர் ஒத்துக்கொள்ளும் வரைக்கும் நானா மத்தியானச் சாப்பாட்டைப் படிக்கட்டில் இருந்துதான் சாப்பிட்டார்.

அடுத்தது குறைப்பெட்டி. சேர் கட்டாரில் பார்த்ததாம். கம்பியூட்டரில் ஒரு பக்கம், யார் வேண்டுமென்றாலும் பெயர் போடாமல் தன் மனக்குறையை எழுதலாம், எழுதியவரை யாரும் தேடமாட்டார்கள். பயமில்லாமல் எழுதுங்கள் என்று சேர் அரை மணித்தியாலம் விளக்கினார். மறுநாள் காலையில் ஒரே ஒரு குறை வந்திருந்தது. "சேர் கூட்டத்தில் ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்கிறார். முதல் முறையே விளங்கிவிடுகிறது." அதன் கீழே ஒரு நீளமான முழுப்பெயர், வாப்பாவின் பெயரோடு. அதற்கும் கீழே ஒரு போன் நம்பர்.

அந்தப் பெயரை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சேர் வெளிறிப்போனார். யாரோ ஒருவன் வெளியிலிருந்து எங்கள் கம்பியூட்டருக்குள் புகுந்துவிட்டான், புகுந்ததுமில்லாமல் எங்கள் கூட்டத்தையும் ஒளிந்திருந்து கேட்டிருக்கிறான். மத்தியானம் வரைக்கும் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம். யாரோ நானாவும் எங்களோடு சேர்ந்து ஒழுங்காக மாற்றினார். கடைசியில் சேர் துணிந்து அந்த நம்பருக்கு எடுத்தார். மூலை மேசையில் போன் அடித்தது. நானா அதை எடுத்துக் காதில் வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும், சொல்லுங்க சேர்" என்றார்.

நானாவின் சொந்தப் பெயர் அது. கந்தோர் தொடங்கிய நாளிலிருந்து எல்லாரும் நானா, நானா என்றே கூப்பிட்டதில் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை, எப்போதும் மூலையிலேயே இருந்ததில் நம்பரும் தேவைப்படவில்லை.

பெயர் போட வேண்டிய இடத்தில் மறைக்கிறீர்கள், மறைக்கச் சொன்ன இடத்தில் போன் நம்பரோடு எழுதுகிறீர்கள், இதற்கு என்ன அர்த்தம் என்று சேர் கேட்டார். நானாவுக்கு இதில் குழப்பம் எங்கே இருக்கிறது என்றே விளங்கவில்லை.

"ஒராளப் பத்திக் குறை சொன்னா முகத்தக் காட்டணும் சேர். இல்லாட்டி அந்த மனுசன் யாருக்குப் பதில் சொல்றது? வேலை செஞ்சதுக்கு எதுக்கு முகம்?"

சேர் சுவர்ப் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, பெயர் போட வேண்டியவை, போட வேண்டாதவை என்று இரண்டு பக்கம் பிரித்தார். பாதி நிரம்பியபோது எந்தப் பக்கம் எது என்று அவருக்கே மறந்துவிட்டது. பலகையை அழித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். (இந்தக் கட்டுரையிலும் நானாவின் சொந்தப் பெயர் வராது. இது அவரைப் பற்றி நல்லது சொல்கிற எழுத்து, அவருடைய சட்டப்படி வரக்கூடாது.)

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற கதை. இனிச் சொல்லப்போவதில் எங்களுக்குச் சிரிப்பு வர நாளெடுத்தது.

அந்தச் சமயம் நாங்கள் காற்றுச் செய்தி அனுப்புகிற ஒரு வேலை செய்து கொடுத்திருந்தோம். அதில் இரண்டு பட்டியல். ஒன்று கற்பிட்டிக் குடாநாட்டு மீனவர்களுடையது. காற்று பலமென்றால் "இன்று கடலுக்குப் போக வேண்டாம்" என்று விடியற்காலையில் அவர்களின் போனுக்குத் தானாகப் போகும். மற்றது, பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடுகிற விளையாட்டை வெள்ளைக்காரருக்குப் பழக்குகிறவர்களின் பட்டியல். அவர்களுக்குக் காற்று பலமென்றால் கொண்டாட்டம். "இன்று அருமையான காற்று. தாராளமாக இறங்கலாம்" என்று போகும்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பட்டியலும் இடம் மாறிவிட்டன.

பட்டம் பழக்குகிறவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற செய்தியைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் அந்த அருமையான காற்றில் கரையில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். மீனவர்களில் கனபேர் வானத்தைப் பார்த்துவிட்டுச் செய்தியை அழித்துவிட்டார்கள். ஆலங்குடாவில் சபூர் என்ற ஒருவர் மட்டும், தன் கண்ணைவிடக் கந்தோர்க்காரரின் மெசினுக்குக் கூடத் தெரியும் என்று நம்பி, மச்சானையும் ஏற்றிக்கொண்டு போட்டைக் கடலில் தள்ளினார். நடுக்கடலில் இஞ்சின் நின்றது. வலை போயிற்று. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் வேறொரு போட் அவர்களைக் கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

திங்கட்கிழமை கூட்டம். பட்டியலை மாற்றியது யாரென்று பதிவில் பார்த்தால் "யாரோ" என்று இருந்தது. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அனுப்புகிற வேலையெல்லாம் வாசலோரம் இருந்த பொதுக் கம்பியூட்டரில்தான் நடக்கும். அதிலும் நானா தன் வழக்கப்படி "யாரோ" என்றே போட்டு வைத்திருந்தார். ஆகவே யார் அதில் உட்கார்ந்து வேலை செய்தாலும் யாரோதான். வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு பேருமே அதில் உட்கார்ந்திருந்தோம்.

சேர் ஒரு முடிவு சொன்னார். அறிக்கையில் ஒருவர் பெயரும் வரக்கூடாது. யார் செய்தது என்று யாரும் தேடவும் கூடாது, எப்படி நடந்தது என்று மட்டும் பார்ப்போம். இதுவும் கட்டார்தான். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் வெள்ளி பின்னேரம் அந்தப் பட்டியல்களைத் திறந்து பார்க்காமலேயே நான் டிக் போட்டிருந்தேன்.

அறிக்கையை எழுதும் பொறுப்பு நானாவுக்கு. மறுநாள் அவர் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்தால், கீழே அந்த நீளமான முழுப்பெயர். "பட்டியலை மாற்றியவன் நான்தான்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்.

சேருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாஷா அல்லாஹ், என்ன மனசு நானா உங்களுக்கு" என்று எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்தார். தன்னுடைய கந்தோரில் ஒருவர் மற்றவரின் பழியை ஏற்கிற அளவுக்கு உயர்ந்திருக்கிறார் என்று மூன்று முறை சொன்னார். நானா வாயைத் திறந்தார், மூடினார். நிலூக்கா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். நானும் அவரை ஒரு மகானைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். அந்தப் பார்வையைக் கண்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

புதன்கிழமை நானா ஆலங்குடாவுக்குப் போய் சபூரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். அவர் மட்டும் பழி சுமக்கக்கூடாது என்று நானும் கூடப் போனேன். கடற்கரைப் பக்கம் சின்ன வீடு. சபூர் முற்றத்தில் இஞ்சினைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தார். அவருடைய மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானா தன் முழுப்பெயரையும் சொல்லி, பிழை தன்னுடையது என்றார். உடனே நான், இல்லை, சரிபார்க்க வேண்டியவள் நான்தான், பிழை என்னுடையது என்றேன். சபூர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரிஸ்வான் சேர். இறங்கியதும் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், முதலாளி நான், அவசரப்படுத்தினதும் நான், ஆகவே பிழை என்னுடையது என்றார்.

"ஒரு மெசேஜ் அனுப்ப இத்தன பேரா?" என்றார் சபூரின் மனைவி.

அவர் கதவை விட்டு முன்னால் வந்தார். அவருக்குக் கோபமா அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அண்டைக்கு நான் அந்த மெசேஜ வச்சுக்கொண்டு பகல் முழுக்க நிண்டேன். யாரிட்டக் கேக்கிறதெண்டு தெரியல்ல. கீழ ஒரு பேர் இல்ல. ஏசறதெண்டாலும் ஒரு பேர் வேணும்தானே?"

நானா அவரை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு, "ஓம் தங்கச்சி, வேணும்" என்றார். இஞ்சினைத் திருத்திக் கொடுப்பதும் வலைக்கு ஏற்பாடு செய்வதும் தன் பொறுப்பு என்று சேர் சொன்னார், சொன்னபடி அந்த மாதமே செய்தார். ஆனால் திரும்பி வரும்போது திரீவீல் ஓட்டோவில் நானாவின் முகம் சரியில்லை.

"தங்கச்சி, அது மெய்யாவே நான் செஞ்சது."

"ஓம் நானா, உங்கட மனசு எங்களுக்குத் தெரியும்தானே" என்றேன் நான்.

அவர் திரீவீலை நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்சத் தூரம் பஸ்ஸில் வந்தார்.

இதற்கிடையில் சேருக்கு ஆவல் தாங்கவில்லை. யாரென்று தேடக்கூடாது என்று சட்டம் போட்டவரே, நேரத்தை மட்டும் பார்ப்போமே என்று பதிவைத் திறந்துவிட்டார். பட்டியல் மாறிய நேரம் வெள்ளிக்கிழமை, சரியாக ஜும்ஆத் தொழுகை நேரம். சேர் பள்ளியில். நானாவும் பள்ளிக்குப் போனார். நான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கந்தோரில் இருந்தது நிலூக்கா மட்டும்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது. தான் பக்கத்துப் பேக்கரியில் மீன் வைத்த மாலுபாண் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக முதலில் சொன்னாள். அன்றைக்குக் கந்தோருக்குள்ளேயே சாப்பிட்டேனோ என்று பிறகு யோசித்தாள். பின்னேரமானபோது அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "அனே, நான்தான் செஞ்சேனோ தெரியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேலையை விட்டு விலகுவதாக ஒரு கடிதம் எழுதத் தொடங்கினாள். அந்தக் கடிதத்தைத் தமிழில் திருத்திக் கொடுக்கச் சொல்லி அவள் கொண்டுபோனது யாரோ நானாவிடம். அவர் அதை வாசித்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் பேனைகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கந்தோருக்கு வந்தபோது பின்னால், தொழுகைக்குப் பாங்கு சொல்கிற பள்ளிவாசல் மோதினார் ஏறி வந்தார். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவருக்குக் கதிரை போட்டோம். சேர் பதறிப்போய், என்ன விஷயம் என்று கேட்டார்.

"சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்" என்றார் நானா. "சொல்லுங்க மோதினார், வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கு எத்தினை மணிக்கு வந்தேன்?"

மோதினாருக்குச் சங்கடம். தொழாதவனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று நெளிந்தார். நானா விடவில்லை. கடைசியில் மோதினார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "குத்பாப் பேச்சு முடிஞ்சு, தொழுகையும் தொடங்கினாப் பிறகுதான் வந்தார். செருப்பு வைக்கிற இடத்துலதான் நிண்டார்."

பிறகு நானா தன் வாயால் சொன்னார். பள்ளிக்குப் பாங்கு சொன்ன பிறகும் பொதுக் கம்பியூட்டரில் இருந்திருக்கிறார். இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு ஓடலாம் என்று நினைத்து, அந்த அவசரத்தில் இரண்டு பட்டியலையும் மாற்றி வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். ஜும்ஆவுக்குப் பிந்துவதைப் பற்றிச் சேர் எங்களுக்கு அடிக்கடி உபதேசம் பண்ணுவார் என்பதால், அந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் எழுத வெட்கப்பட்டிருக்கிறார்.

"என்ட ஆயுசுல முதல் தடவ ஒரு பிழைக்குப் பேர் போட்டேன். நீங்க எல்லாரும் என்னப் புகழ்ந்துட்டீங்க" என்றார். "இப்ப இந்தப் புள்ள வேலைய விடப் போகுது."

கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா, ஜும்ஆவைப் பற்றிச் சொல்வதா என்று சேரின் முகத்தில் மாறி மாறி ஓடியது. கடைசியில், "சரி நானா. நீங்கதான்" என்றார்.

நானா பெரிய மூச்சு ஒன்று விட்டார். ஒரு மனுசன் குற்றவாளி என்று தீர்ப்பாகி அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. நிலூக்கா சிங்களத்தில் ஏதோ வேகமாகச் சொன்னாள். யாருக்கும் விளங்காத வேகம். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள், மோதினாருக்குச் சீனி கூடப் போட்டு. அறிக்கையில் நானாவின் பெயருக்குக் கீழே, பார்க்காமல் டிக் போட்டவள் என்று என் பெயரையும் நானே எழுதினேன்.

அன்று பின்னேரமே நானா பொதுக் கம்பியூட்டரில் இருந்த "யாரோ"வை அழித்து, உட்காருகிறவர் ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட்டால்தான் திறக்கும்படி செய்தார். காற்றுச் செய்தி இனிமேல் காற்று எப்படியிருந்தாலும் தினமும் போகும், ஆனால் தானாகப் போகாது என்று முடிவானது. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒருவர் கண்ணால் பார்த்துச் சரி சொன்னால்தான் போகும், கீழே பார்த்தவரின் பெயரும் நம்பரும் வரும். அந்த வேலையை நானா கேட்டு வாங்கிக்கொண்டார். செய்தி அனுப்புவது நல்ல காரியம்தானே, உங்கள் சட்டப்படி பெயர் வரலாமா என்று நான் சீண்டினேன். அவர், "அது எனக்கும் சரியா விளங்கல்ல தங்கச்சி. ஆனா அந்த ஆலங்குடாப் பொம்புள பேர் கேட்டாவே" என்றார்.

அதற்குப் பிறகு அவருடைய போன் ஓயவில்லை. காற்றைக் கேட்டு எடுத்தவர்கள் கொஞ்சம்தான். காற்று நிற்கவில்லை என்று ஏசுவதற்கு ஒருவர் எடுத்தார். மகளின் கல்யாணத்துக்குப் பந்தல் போட எந்தக் கிழமை நல்லது என்று இன்னொருவர். ஆளடையாள அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்று சபூரின் மச்சான். எல்லாருக்கும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான், "ஓம், நான்தான்."

நான் கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காக அந்தக் காலத்தில் என் நம்பரையும் மீனவர் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். அது அப்படியே இருக்கிறது. தினமும் விடியற்காலை, மலைக்குளிரில் அடுப்பைப் பற்றவைக்கும்போது, கற்பிட்டிக் கடலில் இன்று எப்படிக் காற்று என்று ஒரு செய்தி வரும். கண்டியில் எங்கே கடல், உன் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னால் என்ன என்று என் கணவர் கேட்கிறார். நியாயம்தான். ஒருநாள் சொல்ல வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். செய்தி வந்ததும் நான் முதலில் பார்ப்பது காற்றை இல்லை, கீழே இருக்கிற பெயரைத்தான். அது வந்திருந்தால் அன்றைய வேலையைத் தொடங்குவேன்.